கால் இல்லாத மீன் கரையில் எதைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது?

"ஏனுங்க, கோபிப் பக்கம் எங்க தோட்டத்துப் பண்ணைக் குட்டையில விரால் விட்டிருக்கோம். போன வாரம் ராத்திரி நல்ல மழை. விடியக்காலையில பாத்தா வரப்பு மேல மூணு விரால் கெடக்குது. உள்ளங்கை நீளத்துல கருப்பா இன்னொரு மீன் படுக்காம நிமுந்த வாக்குலயே பில்லுக்குள்ள நடந்து போகுது. தொட்டியில கொசுவுக்கு விட்ட குட்டி மீன் வெளிய உழுந்தா எகிறி எகிறித் தண்ணிக்கே போயிருது. காலே இல்லாம இதெல்லாம் எப்படிங்க? குட்டை மீனை எப்படிங்க காப்பாத்தறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மீன் தண்ணீருக்கு வெளியே எப்படி மூச்சு விடுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கே போனாலும் மூச்சைப் பற்றித்தான் பதில் கிடைக்கும். மூச்சு என்பது கரையில் தங்க அந்த மீனுக்குக் கிடைத்த அனுமதி மட்டும்தான். அனுமதி இருந்தும் நகரத் தெரியாத மீன் கிடந்த இடத்திலேயே காய்ந்து செத்துப்போகும். காற்றைச் சுவாசிக்கவே முடியாத கொசு மீன் நகரத் தெரிந்த ஒரே காரணத்தால் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்தவை மூன்று மீன்கள், மூன்று வேறு வேறு வித்தைகள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: தரையில் எதைப் பிடிமானமாக வைத்து உடம்பைத் தள்ளுவது? அது விளங்கினால் குட்டையைச் சுற்றி வேலி எப்படிப் போடுவது என்பதும் தானாக விளங்கிவிடும்.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவுள் இதழ்களைத் தண்ணீர்தான் விரித்து வைத்திருக்கிறது. வெளியே வந்ததும் அவை நனைந்த காகிதம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விராலுக்கும், நீங்கள் பார்த்த கறுப்பு மீனாக இருக்கக்கூடிய பனையேறிக்கும் செவுளுக்கு மேலே ரத்தக்குழாய்கள் நிறைந்த தனி அறை இருக்கிறது. பனையேறியில் அதற்குள் மடிப்பு மடிப்பாக ஒரு எலும்புத் தகடும் உண்டு. இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும்போதே மேலே வந்து காற்றைக் கவ்வியாக வேண்டும். ராத்திரி முழுக்க வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போன விரால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துக் கிடப்பது இதனால்தான். இந்த அறை ஈரமாக இருக்கும்வரை கரையில் தாக்குப்பிடிக்கலாம். காய்ந்தால் கதை முடிந்தது. கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. செம்மண்ணும் சரளையும் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். வெயில் நாளில் பத்தடி தாண்டுவதே கடினம் என்னும் மீன், ஐப்பசி மழை இரவில் ஒரு வயலையே தாண்டிவிடுவது இதனால்தான்.

இனி நகர்ச்சி. தண்ணீரில் மீனின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. தலையிலிருந்து வால்வரை ஓடும் வளைவு தண்ணீரைப் பின்னால் தள்ள, மீன் முன்னால் போகிறது. அதே வளைவைத் தரையில் போட்டால் வழவழப்பான உடம்பு இடமும் வலமும் வழுக்குமே தவிர முன்னேறாது. ரோகு, கட்லா போன்றவற்றைக் கரையில் போட்டால் துள்ளித் துள்ளி விழுந்த இடத்திலேயே மறுபடி விழும். அவற்றுக்குப் பலம் போதாது என்பதல்ல காரணம். ஊன்ற இடமில்லாததால் பலம் வீணாகிறது.

நிமிர்ந்தபடி புல்லுக்குள் நடந்தது பெரும்பாலும் பனையேறி. பனையேறிக் கெண்டை என்றும் சொல்வார்கள், ஆனால் கெண்டைக்கும் இதற்கும் உறவே கிடையாது. செவுள் மூடியின் ஓரத்தைப் பாருங்கள். ரம்பத்தின் பல்போலப் பின்னோக்கிய முட்கள் இருந்தால் அதுவேதான். அந்த முட்கள்தான் இதன் கால். செவுள் மூடியைப் பக்கவாட்டில் விரித்து முட்களை மண்ணிலோ புல்வேரிலோ குத்தி ஊன்றிக்கொள்ளும். பிறகு வாலை வளைத்துத் தரையை உதைக்கும். முட்கள் பின்னோக்கி இருப்பதால் உடம்பு பின்னால் சறுக்காது, உதைத்த விசை முழுவதும் முன்னால் போகும். பக்கத் துடுப்புகள் இரண்டும் விரிந்து உடம்பு கவிழாமல் தாங்கும். அடிப்பக்கத் துடுப்புகளின் முள்ளும் மண்ணில் படும். பிறகு அடுத்த ஊன்றல், அடுத்த உதை. தூரத்திலிருந்து பார்த்தால் ஆடி ஆடி நடப்பதுபோலத் தெரிவது இதுதான். ஈர மண், மட்கிய இலை, குட்டைப் புல் என்றால் நன்றாக ஓடும். மட்டமாகப் பூசிய சிமெண்டுத் தளத்தில் விட்டால் முள் ஊன்ற வழியில்லாமல் தடுமாறும்.

இந்த மீன் வலையில் மாட்டினால் பலரும் வாலைப் பிடித்துப் பின்னால் இழுப்பார்கள். பின்னோக்கிய முள் இன்னும் ஆழமாகக் கண்ணியைக் கவ்வுமே ஒழிய விடாது. வலை கிழியும் அல்லது செவுள் பிய்ந்துபோகும். செவுள் மூடியை இரண்டு விரலால் அமுக்கி மூடிக்கொண்டு தலைப்பக்கமாகவே முன்னால் தள்ளி எடுக்க வேண்டும். வெறுங்கையில் பிடித்தால் உள்ளங்கையைக் கீறிவிடும், துணி ஒன்றை நனைத்துப் பிடியுங்கள்.

பனை ஏறும் என்ற பேர் வந்த கதையும் இதில் வரத்தான் செய்யும். 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் பணியாற்றிய டால்டார்ஃப் என்பவர், குளத்தோரப் பனை ஒன்றில் தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், பட்டையின் வெடிப்புக்குள் இந்த மீனைக் கண்டதாக எழுதி வைத்தார். தரையில் நடக்கிறது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை, பலமுறை பார்த்துப் பதிவானது. மரம் ஏறுகிறது என்பது அப்படி உறுதியானதல்ல. காகமும் பருந்தும் தூக்கிப் போனபோது நழுவி மட்டைக்குள் விழுந்த மீனைத்தான் ஆட்கள் பார்த்திருப்பார்கள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. சாய்ந்த அடிமரத்தில் மழைத்தண்ணீர் வழியும்போது கொஞ்ச தூரம் தொற்றிப் போவது நடக்கக்கூடியது. நட்டுக்குத்தலான பனையில் ஏறுகிறது என்று யாராவது சொன்னால் வீடியோவைக் காட்டச் சொல்லுங்கள்.

விரால் வேறு வழி. செவுளில் முள் கிடையாது, உடம்பு நீண்டு உருண்டது, தலை கனம். விராலின் நெருங்கிய உறவான, சீனத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பரவிய ஒரு இனத்தை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அந்த மீன் உடம்பை இடமும் வலமும் வளைத்துக்கொண்டே இரண்டு பக்கத் துடுப்புகளையும் துடுப்பு வலிப்பதுபோலத் தரையில் போட்டுப் பின்னால் தள்ளியது. வழவழப்பான தளத்தைவிடப் புல்லும் மேடுபள்ளமும் உள்ள இடத்தில் நன்றாக நகர்ந்தது. உடம்பின் ஒவ்வொரு வளைவும் ஒரு புல் கொத்திலோ கல்லிலோ முட்டிக்கொண்டு தள்ளுவதே காரணம். பாம்பு கண்ணாடித் தரையில் தவிப்பதும் சரளையில் விரைவதும் இதே கணக்குத்தான். அது நம் ஊர் விரால் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடம்பின் அமைப்பு ஒன்றுபோல இருப்பதால் முறையும் இதையொட்டியே இருக்கும் என்று கொள்ளலாம்.

அந்த ஆய்வில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. தண்ணீரில் கரியமில வாயு மிகுந்தபோதும், அமிலத்தன்மையோ உப்போ கூடியபோதும் அந்த மீன்கள் தாமாகவே தண்ணீரை விட்டு வெளியேறின. மீன் நெருக்கமாக இருந்து, தீவனம் மிஞ்சி அடியில் அழுகும் குட்டையில் விடியும் முன்பு கரியமில வாயு உச்சத்தில் இருக்கும். விரால் காற்றைச் சுவாசிப்பதால் இந்தக் கெடுதலில் எளிதில் சாகாது, ஆனால் இடத்தைக் காலி செய்யப் பார்க்கும். இதோடு மழையும் சேர்ந்து, வரப்பு வழியே புதுத்தண்ணி உள்ளே வழிந்தால் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏறும். "புதுத்தண்ணிக்கு மீன் ஏறுது" என்று ஊரில் சொல்வது வெறும் சொலவடை அல்ல. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டு மடைகள் நிறையும்போதும் இதையே பார்க்கலாம்.

குதிப்பதில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீரிலிருந்து எகிறுவது ஒன்று. அதற்குத் தண்ணீருக்குள்ளேயே ஓடி வேகம் எடுக்க இடம் வேண்டும். ஒரு கிலோ விரால் குட்டைக்கு மேலே துள்ளுவது இந்த வகை. தரையில் கிடந்த கிடையிலிருந்து எகிறுவது இன்னொன்று. அங்கே ஓடி வேகமெடுக்க இடமே இல்லை, ஒரே ஒரு தள்ளலில் எல்லாம் நடந்தாக வேண்டும். இதில்தான் உங்கள் தொட்டியின் குட்டி மீன் கெட்டிக்காரன். கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுவது பெரும்பாலும் கம்பூசியா. சில இடங்களில் கப்பி.

கம்பூசியாவும், கண்ணாடித் தொட்டிகளில் விற்கும் கோடு போட்ட சீப்ரா மீனும் தரையிலிருந்து எப்படிக் குதிக்கின்றன என்பதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2011இல் வெளியிட்டார்கள். நிலத்துக்கு வரும் வழக்கமே இல்லாத மீன்கள் இவ்வளவு ஒழுங்காகக் குதிப்பது ஆய்வாளர்களுக்கே புதுச் செய்தி. மீன் ஒருக்களித்துக் கிடக்கும். முதலில் தலையைத் தரையிலிருந்து தூக்கி, வாலைப் பார்த்து வளைக்கும். அப்போது உடம்பு பிறைபோல வளைந்திருக்கும். வால் துடுப்புக்கு முன்னால் உள்ள ஒடுங்கிய தண்டு மட்டும் தரையில் அழுந்தியிருக்கும். இந்தத் தண்டுதான் இதற்கு ஊன்றுகோல். அடுத்த நொடிக்குள் உடம்பு முழுவதும் விறைத்து நிமிரும். தண்டு தரையை உதைக்க, மீன் காற்றில் பறக்கும். கண் கொண்டு பார்த்தால் வெறும் துடிப்பாகத் தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக விளங்கும். ரோகுவின் துள்ளலுக்கும் இதற்கும் வித்தியாசம் இந்த ஊன்றல்தான்.

தலையை வாலுக்கு மேலே மடக்கிக் குதிப்பதால் மீன் தலைப்பக்கம் போகாது, வால் இருந்த பக்கமாகத்தான் போகும். இது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த விஷயம், ஏனென்றால் இதிலிருந்துதான் "போகும் திசை மீனுக்குத் தெரியுமா" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. 2014இல் வந்த ஒரு ஆய்வில் 53 கம்பூசியாக்களை 30 டிகிரி சரிவில் வெவ்வேறு வாக்கில் வைத்துப் பார்த்தார்கள். சரிவுக்குக் குறுக்காகக் கிடந்தவை ஏறக்குறைய எல்லாமே உருண்டு இறங்கின. உருள்வதற்குச் செலவே இல்லை, சரிவே இழுத்துக்கொள்ளும். தலை மேட்டைப் பார்த்துக் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் குதித்தன. அந்த வாக்கில் குதித்தால் வால் பக்கம், அதாவது பள்ளத்தை நோக்கி, தண்ணீரைப் பார்த்துத்தான் விழும். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பை வைத்துத் தான் கிடக்கும் சரிவை மீன் உணர்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நடந்தது என்ன என்பது அளந்து பார்த்த உண்மை. உள்காதுதான் காரணம் என்பது நல்ல ஊகம். சில மீன்கள் மூன்று நிமிடம்வரை அசையாமல் கிடந்துவிட்டுப் பிறகுதான் எகிறின. ஆகவே தரையில் அசைவற்றுக் கிடக்கும் குட்டி மீனைச் செத்ததென்று எறிந்துவிடாதீர்கள்.

இதைப் பார்க்க ஆசையென்றால் வீட்டிலேயே செய்யலாம். 60 சென்டிமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனை மறுமுனையைவிட 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சரியாக 30 டிகிரி சரிவு வரும். கீழ் முனை தண்ணீர் உள்ள அகலமான வாளிக்குள் இருக்கட்டும். பலகையை முழுக்க நனையுங்கள். காய்ந்த மரம் மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். கையையும் நனைத்துக்கொண்டு ஒரு மீனை நடுவில் வைத்து, போனில் மெதுவோட்டப் பதிவைப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் ஒன்றும் செய்யாவிட்டால் நீங்களே தண்ணீரில் விட்டுவிடுங்கள், அதே மீனை அன்றைக்கு மறுபடி எடுக்க வேண்டாம். நடுப்பகல் வெயிலில் செய்யக் கூடாது. வேலை முடிந்ததும் கம்பூசியாவைத் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும். குளத்திலோ ஓடையிலோ விட்டால் நம் ஊர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகிவிடும்.

பெரிய விரால் ஏன் இப்படிக் குதிக்காது என்றால், உடம்பு நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், தசையின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். சிறிய உடம்பே தரைக் குதிப்புக்கு ஏற்றது. அதனால்தான் விரல் நீள விரால் குஞ்சுகள் தப்புவதைப் பற்றி, பெரியவற்றைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும்.

தலைப்பக்கமாகவே தாவும் மீனும் தமிழ்நாட்டில் உண்டு, ஆனால் கொங்குப் பக்கம் இல்லை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உப்பங்கழிச் சேற்றில் தாவும் மீன் அது. அதன் பக்கத் துடுப்பில் தோளும் முழங்கையும்போல இரண்டு மடக்குகள் இருக்கின்றன. இரண்டு துடுப்பையும் ஒன்றாக முன்னால் போட்டு, கட்டைக்கால் ஊன்றி நடப்பவர்போல உடம்பைத் தூக்கிப் போடும். துடுப்புகள் மீண்டும் முன்னால் போகும்வரை வயிற்றுத் துடுப்பு எடையைத் தாங்கும். அவசரத்தில் வாலை ஒரு பக்கம் மடக்கி உதைத்துத் தாவும். தலைப்பக்கம் துடுப்பில் நிமிர்ந்து நிற்பதால் உதை முன்னால் போகிறது.

உங்கள் குட்டையில் கெளுத்தி வகையும் இருந்தால் கவனம். தேளியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பக்கத் துடுப்பின் முள்ளை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளக்கூடியவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வகை அதை ஊன்றி, அதைச் சுற்றி உடம்பை வீசி நகரும். தேளி தரையில் அவ்வளவு கெட்டியில்லை, நெளிந்து போகும். ஆனால் அதன் முள்ளில் நஞ்சு உண்டு. கொட்டிவிட்டால் முள் துண்டு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, காயத்தை 45 டிகிரிக்கு மிகாத, பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். சூட்டில் அந்த நஞ்சு வலுவிழக்கும். தண்ணீரின் சூட்டைக் கொட்டு வாங்காத கையால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சுடுவது தெரியாது. பிறகு மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி வேண்டுமா என்று கேளுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை செய்யப்பட்டது. குட்டையில் தெரிந்தால் மீன்வளத்துறை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள், வாய்க்காலில் எடுத்து விடாதீர்கள்.

இனி குட்டைக்கு வருவோம். பிடிமானத்தை எடுத்துவிடுவதே வேலையின் சாரம். தண்ணீர் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையே குறைந்தது 45 சென்டிமீட்டர் விடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே உள்சரிவில் புல்லைச் சுத்தமாகச் செதுக்கிவிடுங்கள். ஈரப்புல் இருந்தால் அது மீனுக்கு ஏணி. கரைமேல் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வலை வேலி. அடியில் 15 சென்டிமீட்டராவது மண்ணில் புதைந்திருக்க வேண்டும், மேலே ஒரு சாண் உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கம்பங்கள் வெளிப்பக்கம் வரட்டும். வலைக்கண் உங்களிடம் உள்ள மிகச் சிறிய குஞ்சின் தலையைவிடச் சிறியதாக இருக்கட்டும். நிழல்வலை மலிவு, ஆனால் ஒரு வெயில் காலம் தாண்டினால் நைந்துபோகும். வருடா வருடம் புரட்டாசியில் இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டை என்றால் வழுக்கும், கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். தாளின் மடிப்புகளில் மண் கரைந்து தங்கி, பாசி பிடித்த பின் அதுவே நல்ல படிக்கட்டு ஆகிவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது வேலியில் அல்ல, தண்ணீர் வரும் வழியில். வரப்பில் வழிந்து உள்ளே இறங்கும் தண்ணீர் மீனை மேலே கூப்பிடும். குழாய் போட்டு, அதன் வாய் கரையைவிட்டு ஒன்றரையடி உள்ளே நீட்டிக்கொண்டு, தண்ணீர் அந்தரத்திலிருந்து விழும்படி செய்யுங்கள். கரையோடு ஒட்டி வழியும் தண்ணீர் இல்லாவிட்டால் ஏற வழியில்லை. வெளியேறும் மடையில் தட்டையாக ஒரு வலைத்துண்டு கட்டினால் முதல் மழையிலேயே இலையும் தட்டையும் அடைத்துத் தண்ணீர் கரை தாண்டும். அதற்குப் பதிலாகப் பெட்டிபோல ஐந்து பக்கமும் வலை வைத்துக் கட்டுங்கள், ஒரு பக்கம் அடைத்தாலும் மற்றவை ஓடும். பெருமழை வருமென்று தெரிந்தால் முந்தின நாளே அரையடி தண்ணீரை இறக்கிவிடுவது நல்லது. அன்றைக்குத் தீவனமும் வேண்டாம்.

மழை விட்ட காலையில் விடியும் முன்பே வேலியின் உள்பக்கம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். தப்பப் பார்த்த மீன்கள் வலையடியில்தான் ஒதுங்கிக் கிடக்கும், கொக்கு வருமுன் எடுத்துவிடலாம். கையை நனைத்து எடுத்து, மண்ணை அலசி, ஒரு நாள் தனித் தொட்டியில் வையுங்கள். தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் போதும். மேலே காற்றுக்கு இடம் விட்டு, வலை போர்த்தி ஓரத்தில் கல் வையுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். அந்தக் கறுப்பு மீனை மறுபடி பார்த்தால் பக்கவாட்டில், செவுள் மூடி தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். உங்கள் விவரிப்பை வைத்துப் பனையேறி என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஓர முட்கள் படத்தில் தெரிந்தால் உறுதியாகச் சொல்லிவிடலாம்.